அம்மா ஸ்லைடு

பிடரியில் ஆணி அடித்தாற்போல் வலி. இடப்பக்கம் திரும்பினால் தோள்பட்டை வரை இழுத்தது. வலப்பக்கம் திரும்பினால் காது வரை ஏறியது. ஏழு வருடமாக மைக்ரோஸ்கோப்பின் மேல் குனிந்து வாங்கிய வலி அது. அதற்கு முன்னால் பதினோரு வருடம் அதே ஆய்வுக்கூடத்தில் கண்ணாடிக் குழாய் கழுவி வாங்கிய இடுப்பு வலி தனி. அதற்கும் முன்னால் குளிர்கிடங்கில் பெட்டி தூக்கி வாங்கிய முழங்கால் வலி. அவள் உடம்பில் எந்த இடத்தைத் தொட்டாலும் ஒரு வேலையின் பெயரைச் சொல்லிவிடலாம்.

தைலத்தைத் தன் கையாலேயே தேய்த்துக்கொண்டாள். கை எட்டாத இடத்தைக் கதவு நிலையின் விளிம்பில் வைத்து அழுத்தினாள். தேய்த்துவிட இன்னொரு கை அந்த அறைக்குள் வந்து இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. கட்டியவன், குழந்தை போன மறு வருடமே வேலை தேடிப் போகிறேன் என்று போனான். போன இடத்தில் வேலையும் கிடைத்தது, வேறு குடும்பமும் கிடைத்தது.

ஆய்வுக்கூடத்தில் அவளுக்கு நூறக்கா என்று பெயர். ஒரு ஸ்லைடுக்கு நூறு வெள்ளணு எண்ண வேண்டும். தொண்ணூற்றொன்பதில் யார் கூப்பிட்டாலும் திரும்ப மாட்டாள். நூறு முடிந்த பிறகுதான் "என்ன?" என்பாள். இரண்டு பொத்தான் வைத்த எண்ணும் கருவி ஒன்று, வேலை நேரத்தில் கையிலும் மற்ற நேரத்தில் பையிலும் இருக்கும். அதனாலேயே வீட்டிலும் எண்ணுகிற பழக்கம் வந்துவிட்டது. மாடிப்படி பத்தொன்பது. பஸ் நிறுத்தம் வரை நானூற்றுப் பன்னிரண்டு அடி. போன ஞாயிற்றுக்கிழமை வாயைத் திறந்து பேசிய சொல்லையும் எண்ணிப் பார்த்தாள். கடைக்காரரிடம் மூன்று.

ஆனால் போன வெள்ளிக்கிழமை வாசலில் நடந்தது எந்த எண்ணிக்கையிலும் அடங்காமல் ஐந்து நாளாகக் குடைந்துகொண்டிருந்தது.

அன்று வேலை முடிந்து வெளியே வந்தபோது கேட்டருகே ஒரு பெண் நின்றிருந்தாள். இடுப்பில் பத்து மாத ஆண் குழந்தை. குழந்தையின் கழுத்தடியில் பிளாஸ்திரி.

"சித்தி..."

ஐந்து வயதில் கடைசியாகப் பார்த்த அக்கா மகள். இப்போது இருபத்தேழு. கண் மட்டும் மாறவில்லை.

"நீங்க ரத்த ஆராய்ச்சி பண்ற எடத்துல இருக்கீங்களாமே சித்தி. இவனுக்குக் கட்டி வருது. அறுக்கறாங்க, ஆறுது, மறுபடி வருது. இது மூணாவது. எதனாலன்னு யாருமே சொல்ல மாட்டேங்கறாங்க."

"நான் டாக்டர் இல்லம்மா. குழாய் கழுவ வந்தவ. பெரிய ஆஸ்பத்திரில காட்டு. உங்க அம்மா அனுப்பினாளா?"

"அம்மாவுக்குத் தெரியாது."

"தெரியாம இங்க வராத."

உன் அம்மா கை பட்டால் இப்படித்தான் ஆகும் என்று நாக்கு நுனி வரை வந்ததை விழுங்கிக்கொண்டாள். அந்தப் பெண் குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டு போய்விட்டாள். போன் நம்பர் கூட இவள் கேட்கவில்லை.

அதே கட்டி. அதே கழுத்தடி. இருபத்திரண்டு வருடத்துக்கு முன்னால் இவளுடைய பிள்ளைக்கும் அப்படித்தான் வந்தது. எல்லோரும் பொடியன் என்று கூப்பிட்ட பிள்ளை. குளிர்கிடங்கு ஷிப்டுக்குப் போகும்போது அவனை அக்காவிடம் விட்டுவிட்டுப் போவாள். அக்கா சலவைக் கடையில் வேலை செய்துகொண்டே பார்த்துக்கொள்வாள். கட்டி, காய்ச்சல், மறுபடி கட்டி. இரண்டு வயதும் ஒரு மாதமும் ஆனபோது முடிந்துபோனது.

ஆஸ்பத்திரி நடையில், நாலு பேர் பார்க்க, இவள் அக்காவிடம் சொன்னாள்: "ஊரான் அழுக்குத் துணியத் தொட்ட கையால என் பிள்ளைக்குச் சோறு ஊட்டினியேடி. உன் அழுக்குக் கைதான் அவனக் கொன்னுச்சு."

அதுவரை அக்காவை அவள் "டி" போட்டதில்லை. அதற்குப் பிறகு அக்காவை எதுவும் போட்டுக் கூப்பிடவில்லை.

•

புதன்கிழமை காலை. கேட்டில் காவலாளி மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தார். கையில் நரம்பு புடைத்துக்கொண்டு நிற்கும் என்பதால் அவருக்கு பைப்பு என்று பெயர். ஆய்வுக்கு வழக்கமாக ரத்தம் கொடுப்பவர் அவர்தான்.

"நூறக்கா, இன்னைக்கு பைப்புல தண்ணி வராது. ராத்திரி நூத்தி ரெண்டு காய்ச்சல்."

"காய்ச்சலோட எதுக்கு வேலைக்கு வந்தீங்க?"

"வீட்ல இருந்தா எம் பொண்டாட்டி பேசுவாக்கா. இங்க கேட்டு பேசாது."

மேலே டாக்டரம்மா தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தாள். ஆஸ்பத்திரி டாக்டர் இல்லை, ஆராய்ச்சி டாக்டர். இவளைவிடப் பத்து வயது சின்னவள்.

"காய்ச்சல்காரர் ரத்தம் ஆகாதுக்கா. அணுவெல்லாம் ஏற்கெனவே சண்டையில இருக்கும். இன்னைக்குப் பார்த்து மத்தவங்க எல்லாம் பயிற்சிக்குப் போயிட்டாங்க. கரைச்சு வச்ச மருந்து சாயங்காலம் வரைதான் தாங்கும்."

அந்த மருந்துதான் டாக்டரம்மாவின் நான்கு வருட உழைப்பு. பழத்தோலிலிருந்து பிரித்தெடுத்த ஆன்டிஆக்சிடன்ட். இன்று சோப்பு விளம்பரம் முதல் மருந்துக்கடை வரை எல்லோர் வாயிலும் அந்தச் சொல் புரளுகிறது. நூறக்காவே மூன்று மாதமாக ஒரு சிவப்பு மாத்திரை போட்டுக்கொண்டிருந்தாள். தினம் ஒன்று போட்டால் வயசு பின்னால் போகும் என்று கடைக்காரர் சொன்னார். வயசு என்னவோ முன்னால்தான் போய்க்கொண்டிருந்தது.

மைக்ரோஸ்கோப்பில் தெரிகிற கதை வேறு. வெள்ளணு கிருமியை விழுங்கும். விழுங்கி, தன் வயிற்றுக்குள்ளேயே தீ மூட்டி அதை எரிக்கும். அந்தத் தீ எல்லை மீறினால் பக்கத்தில் இருக்கும் நம் சதையையே சுட்டுவிடும். ஆன்டிஆக்சிடன்ட் அந்தத் தீயைத் தணிக்கிறது. சரி, எவ்வளவு தணிக்கலாம்? மொத்தமாக அணைத்துவிட்டால் கிருமியை எதை வைத்து எரிப்பது? இந்தக் கேள்விக்காகத்தான் டாக்டரம்மா தூக்கம் கெட்டாள், நூறக்கா பிடரி வலி வாங்கினாள்.

"நான் குடுக்கக் கூடாது. எந்தக் குழாயில எவ்வளவு மருந்துன்னு எனக்குத் தெரியும். உங்களுக்குத் தெரியாது. இன்னைக்கு ஒரு நாள் நீங்க குடுங்களேன்."

"எண்ணுறவ ரத்தம் வேண்டாம்னு நீங்கதானே எழுதி ஒட்டியிருக்கீங்க?"

"நான்தான் ஒட்டினேன். நானே கிழிச்சுக்கறேன்."

மூன்று குத்து குத்தித்தான் நரம்பு கிடைத்தது. "குழாய் கழுவின கை. நரம்புகூட உள்ள போய் ஒளிஞ்சுக்குச்சு" என்றாள் நூறக்கா.

ரத்தத்தை நான்காகப் பிரித்து, ஒன்றை விட்டுவிட்டு மற்றதில் வேறு வேறு அளவில் டாக்டரம்மா மருந்து கலந்தாள். அணுக்களை உசுப்பிவிடும் ரசாயனமும், மஞ்சள் சாயமும் எல்லாவற்றுக்கும் ஒரே அளவு. தீ மூட்டிய அணுவுக்குள் அந்த மஞ்சள் கருநீலமாக மாறும். மூட்டாத அணு வெறுமையாகக் கிடக்கும். ஸ்லைடுகளில் ஏ, பி, சி, டி என்று எழுத்து மட்டும். எதில் மருந்து, எதில் இல்லை என்பது எண்ணி முடித்த பிறகுதான் தெரியவரும்.

நூறக்கா குனிந்தாள். வலது கட்டைவிரல் நீலத்துக்கு, இடது கட்டைவிரல் வெறுமைக்கு.

ஏ ஸ்லைடு. நீலம், நீலம், வெறுமை, நீலம், வெறுமை, வெறுமை. விரல்கள் மாறி மாறி அழுத்தின. நூறு முடிந்தது. நீலம் ஐம்பத்தொன்று. மற்ற மூன்றும் இன்னும் குறைவு. முப்பத்திரண்டு, பதினான்கு, மூன்று.

டாக்டரம்மா மருந்தின் அளவை எழுதி மடித்து வைத்திருந்த தாளைத் திறந்து பார்த்தாள். புருவம் சுருங்கியது.

"ஏ-தான்க்கா சீரோ. அதுல மருந்தே கிடையாது. தொண்ணூத்தஞ்சாவது வரணும். பைப்புக்கு என்னைக்கும் தொண்ணூத்தஞ்சுக்குக் கீழ வந்ததில்லை."

"நான் தப்பா எண்ணல."

"நீங்க தப்பா எண்ண மாட்டீங்கன்னு தெரியும். நான்தான் கை தவறி சீரோவுல மருந்து விட்டுட்டேன் போல."

"ஒரு மாத்திரை போட்டுக்கிட்டிருக்கேன். அதுவா இருக்குமோ?" சிவப்பு மாத்திரையின் கதையைச் சொன்னாள்.

டாக்டரம்மா கண்ணை லென்ஸில் வைத்தாள். நெடுநேரம் எடுக்கவில்லை.

"மறுபடி எடுப்போம்க்கா. கூடவே என் ரத்தமும். கணக்குக்கு இல்ல, சாயம் சரியா இருக்கான்னு பார்க்க."

மறுபடி குத்து, மறுபடி சாயம். இந்த முறை மருந்தே இல்லாமல் இரண்டு குழாய் மட்டும். நடுவில் சாப்பாட்டு நேரம் வந்தது. நூறக்கா டப்பாவைத் திறந்து, ஜன்னல் பக்கம் திரும்பி, ஆறிப்போனதைத் தனியே தின்றாள். என்றைக்கும் போலத்தான். ஆனால் இன்று பாதியிலேயே டப்பாவை மூடினாள். முதல் ஸ்லைடை எண்ணும்போதே கட்டைவிரல்களுக்கு ஏதோ ஒன்று தெரிந்துபோயிருந்தது. இரண்டு விரலும் சமமாக ஆடிய அந்தத் தாளம் பழகிய தாளம்.

மதியம் எண்ணினாள். டாக்டரம்மாவின் ரத்தத்தில் தொண்ணூற்றேழு நீலம். தன் ரத்தத்தில் நாற்பத்தொன்பது.

எழுந்து போய்த் தன் மேசையின் கீழ் இழுப்பறையைத் திறந்தாள். பழைய மரப்பெட்டி. ஏழு வருடத்துக்கு முன்னால் குழாய் கழுவுகிற இடத்திலிருந்து அவளை இந்த நாற்காலிக்குக் கொண்டுவந்தபோது, எண்ணப் பழகுவதற்கென்று கொடுத்த ஸ்லைடுகள் அதில் இருந்தன. ஒன்று, யாரோ ஒரு சிறுவனுடையது. நூற்றில் நூறும் வெறுமை. கிருமியை விழுங்கத் தெரியும், எரிக்கத் தெரியாது. இன்னொன்று அவனைப் பெற்றவளுடையது. அதற்கு அவர்கள் வைத்த பெயர் அம்மா ஸ்லைடு. நீலமும் வெறுமையும் கலந்து கிடப்பதால் பழகுவதற்கு நல்லது. அதைத்தான் அவள் முதன்முதலில் நூறு வரை எண்ணினாள். நாற்பத்தெட்டு நீலம் என்று சொன்னதும் டாக்டரம்மா கை தட்டினாள்.

அந்த அம்மா ஸ்லைடை லென்ஸின் கீழ் வைத்துப் பார்த்தாள். எடுத்துவிட்டுத் தன்னுடையதை வைத்தாள். அக்காவும் தங்கையும் மாதிரி இருந்தன.

"மாத்திரைதான்னு சொல்லுங்களேன்" என்றாள் மெல்ல.

டாக்டரம்மா பக்கத்தில் வந்து நின்றாள். "மாத்திரைன்னா எல்லா அணுவுலயும் நீலம் கொஞ்சம் கொஞ்சம் மங்கும்க்கா. உங்களுது அப்படி இல்ல. பாதி நல்லா எரியுது. பாதி பத்தவே இல்ல. ரெண்டு பேர் ரத்தத்தக் கலந்து வச்ச மாதிரி." பிறகு கேட்டாள். "உங்களுக்குப் பிறந்தது ஆண் பிள்ளையா?"

"ஆமா."

"உங்க அம்மாவுக்கு?"

"அக்காவுக்கு முன்னால ரெண்டு பசங்க. ரெண்டும் தங்கல. அம்மா அதப் பத்திப் பேச மாட்டா."

டாக்டரம்மா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "பொம்பளைங்களுக்குப் பாதி அணு நல்லதா இருக்கறதால பெரும்பாலும் ஒண்ணும் தெரியாது. அந்த அம்மாவோட பையனுக்கு வந்தா மொத்தமும் வந்துடும். கட்டி மேல கட்டி வரும். யாரும் ஏதும் செஞ்சு வர்றது இல்லக்கா. யார் பார்த்துக்கிட்டிருந்தாலும் வந்திருக்கும்."

நூறக்கா ஸ்லைடையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஏழு வருடம் அந்தப் பெட்டி அவளுடைய முழங்காலுக்குக் கீழேயே இருந்திருக்கிறது. தினமும் அதில் கால் இடித்திருக்கிறாள். ஒரு நாளும் பொடியனை நினைத்ததில்லை. நினைக்க அவசியம் இல்லாமல் இருந்தது. அவனைக் கொன்றது யார் என்று அவளுக்குத்தான் தெரியுமே.

"நான் ஆஸ்பத்திரி டாக்டர் இல்ல. முறைப்படி பரிசோதிச்சுத்தான் முடிவு சொல்லணும். ஆனா ஒண்ணு கேக்கறேன். உங்க குடும்பத்துல இப்ப சின்ன ஆண் குழந்தை யாராவது இருக்காங்களா?"

பிடரி வலி எங்கே போனது என்றே தெரியவில்லை.

"வெள்ளிக்கிழமை வாசல்ல வந்து நின்னுச்சு" என்றாள். "போன் நம்பர்கூட வாங்காம அனுப்பிட்டேன்."

டாக்டரம்மா ஒரு தாளில் பரிசோதனையின் பெயரை எழுதி, கீழே தன் நம்பரையும் எழுதினாள். "முன்னாடியே தெரிஞ்சா தினமும் மருந்து குடுத்து வளர்க்கலாம்க்கா. இந்தக் காலத்துல பிள்ளைங்க பிழைக்குதுங்க. ஓடுங்க."

•

அக்காவின் சலவைக் கடை இரண்டு நிறுத்தம்தான். ஆனால் அந்தத் தெருவை விட்டு ஒதுங்கிச் சுற்று வழியில் போகிற பஸ்ஸைத்தான் அவள் இருபத்திரண்டு வருடமும் பிடித்தாள். இன்று நேர் பஸ்ஸில் ஏறினாள்.

கடை அப்படியேதான் இருந்தது. அக்காதான் பாதியாகிவிட்டாள். இஸ்திரிப் பெட்டியைத் தள்ளுகிற கையின் விரல் இடுக்கெல்லாம் வெடித்துச் சிவந்து கிடந்தது. இரண்டு விரலில் துணி சுற்றியிருந்தது. ஒரு சட்டையை மடித்து வைத்தாள். பின்பக்கக் குழாய்க்குப் போய்க் கை கழுவிவிட்டு வந்தாள். அடுத்த சட்டையை எடுத்தாள். அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தாள்.

"வழி மறக்கலையா உனக்கு?"

"பாப்பா எங்க?" அக்கா மகளை அந்தக் காலத்தில் அவள் அப்படித்தான் கூப்பிடுவாள்.

"எந்தப் பாப்பா? அவளுக்குப் பாப்பா பொறந்து பத்து மாசம் ஆச்சு."

"அவ பையன் எங்க? வெள்ளிக்கிழமை என்னப் பார்க்க வந்தா."

இஸ்திரிப் பெட்டி சட்டையின் மேலேயே நின்றது. "உன்னயா? எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லல."

"துணி கருகுது."

அக்கா பெட்டியைத் தூக்கி நிறுத்தினாள். "ஆஸ்பத்திரில. நேத்துச் சேர்த்தாங்க. இந்தத் தடவ ஈரல்ல கட்டியாம்."

"நீ போகலையா?"

"நான் எதுக்கு?" அக்கா கையைப் புடவையில் துடைத்தாள். அந்தக் கை துடைத்துத் துடைத்தே தேய்ந்தது போல இருந்தது. "பொறந்த நாள்லேர்ந்து நான் அவனத் தொட்டதில்ல. இங்க தூக்கிட்டு வராதன்னு அவகிட்டச் சொல்லிட்டேன். எட்ட நின்னு பார்ப்பேன். அப்படியும் வந்துச்சு பாரு."

நூறக்கா பையிலிருந்து தாளை எடுத்தாள்.

"அக்கா, இதக் கேளு. இன்னைக்கு எங்க எடத்துல என் ரத்தத்த எடுத்துப் பார்த்தாங்க. என் வெள்ளணுல பாதி வேல செய்யல. கிருமிய முழுங்குது, எரிக்க மாட்டேங்குது. அம்மாகிட்டேர்ந்து வந்திருக்கணும். உனக்கும் இருக்கலாம். உன் மகளுக்கும் இருக்கலாம். ஆண் பிள்ளைக்கு வந்தாத்தான் ஆபத்து. அவன் ரத்தத்த உடனே இந்தச் சோதனை பண்ணணும். மருந்து இருக்கு."

அக்கா தாளை வாங்கவில்லை. எட்டிப் பார்த்தாள். படிக்கத் தெரியாதவள்.

"நமக்கு ஒண்ணும் செய்யலையே? நாம கல்லு மாதிரி இருக்கோமே."

"மிச்சப் பாதி நம்மளக் காப்பாத்திடுச்சு."

அக்கா கடையின் இழுகதவை இறக்கினாள். பூட்டை மாட்டிக்கொண்டே, திரும்பாமல் கேட்டாள்.

"உன் ரத்தத்துலயே இருந்துச்சுன்னா... அப்ப நம்ம பொடியனுக்கு?"

சொல்ல வேண்டியது தொண்டை வரை வந்தது. தெருமுனையில் பஸ் திரும்பியது.

"பஸ் வந்துடுச்சு. ஓடு" என்றாள் நூறக்கா.

அடுத்த பஸ் ஐந்து நிமிடத்தில் வரும். அது அவளுக்குத் தெரியும்.

பஸ்ஸில் இரண்டு இடம் சேர்ந்தாற்போல் காலியாக இருந்தது. அக்கா முன்னால் போய்த் தனியே உட்கார்ந்தாள். இறங்கும் வரை அவளுடைய பின்னலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள் நூறக்கா. அந்தப் பின்னலைச் சின்ன வயதில் தினம் காலையில் இவள்தான் போட்டுவிடுவாள். இப்போது முழுக்க நரைத்திருந்தது.

•

ஆஸ்பத்திரியில் குழந்தைகள் பிரிவு மூன்றாம் மாடி. அக்கா மகள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, ஒரு கையால் குழந்தையின் காலை நீவிக்கொண்டிருந்தாள். வாசலில் இருவரையும் ஒன்றாகப் பார்த்ததும் எழுந்துவிட்டாள்.

"அம்மா? சித்தி? என்னாச்சு?"

"ஒண்ணும் ஆகல. டாக்டரக் கூப்பிடு" என்றாள் நூறக்கா.

ஆஸ்பத்திரி டாக்டர் இளைஞர். தாளைப் படித்தார். "இத யார் சொன்னாங்க?" என்றார். டாக்டரம்மாவுக்கு போன் போட்டார். முதலில் ஒரு கையை இடுப்பில் வைத்துக்கொண்டு பேசினார். பிறகு கையை எடுத்துவிட்டு, "ஆமாங்க, ஆமாங்க" என்று குறித்துக்கொண்டார். திரும்பி வந்து கேட்டார்.

"உங்க குடும்பத்துல இப்படி வேற ஆண் குழந்தைங்க இறந்திருக்காங்களா?"

அக்காவின் பார்வை தன் கன்னத்தில் படுவதை நூறக்கா உணர்ந்தாள்.

"எங்க அம்மாவுக்கு ரெண்டு" என்றாள். அதோடு நிறுத்திக்கொண்டாள்.

டாக்டர் எழுதிக்கொண்டார். ரத்தம் எடுக்க வேண்டும், இங்கே இந்தச் சோதனை கிடையாது, இன்றைக்கே வெளியே அனுப்பினால் நாளைக் காலையில் முடிவு வரும் என்றார். அக்கா மகளைக் கையெழுத்துப் போடக் கீழே அனுப்பினார்கள்.

நர்ஸ் ஊசியும் குழாயுமாக வந்தாள். "யாராவது ஒருத்தர் பிள்ளைய மடியில வச்சுக் கையப் பிடிச்சுக்கங்க. நீங்கதானே பாட்டி? அதோ அங்க கை கழுவிட்டு வாங்க."

அக்கா தொட்டிக்குப் போனாள்.

சோப்புப் போட்டாள். விரல் விரலாக, நகம் நகமாக, முழங்கை வரை. கழுவினாள். மறுபடி சோப்பை எடுத்தாள். நூறக்காவின் கை பைக்குள் இருந்தது. எண்ணும் கருவி அகப்பட்டது. அவளை அறியாமலே கட்டைவிரல் அழுத்தியது. இரண்டு. மூன்று. வெடித்த இடங்களில் சோப்பு பட்டு அக்காவின் தோள் ஒருமுறை சுருங்கியது. நான்கு. ஐந்து.

"போதும் பாட்டி, தோலு உரிஞ்சுடப்போகுது" என்றாள் நர்ஸ்.

ஆறு. ஏழு.

அக்கா ஈரக் கையைத் தூக்கிப் பிடித்தபடி கட்டிலருகே வந்தாள். குழந்தை அவளைப் பார்த்தது. காய்ச்சலில் சிவந்த முகம். பாட்டியைக் கிட்டத்தில் பார்ப்பது அதற்கு இதுதான் முதல் தடவை. ஒரு கையை நீட்டியது.

அக்கா தன் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாள்.

"இவளப் பிடிக்கச் சொல்லுங்க" என்றாள் நர்ஸிடம். "இவ கை சுத்தம்."

குரலில் குத்தலே இல்லை. அரிசியில் கல் இல்லை என்பது மாதிரி, தெரிந்த ஒன்றைச் சொன்னாள்.

நூறக்கா கை கழுவினாள். ஒரே தடவை. குழந்தையைத் தூக்கி மடியில் வைத்தாள். அனலடித்தது. பத்து மாதத்துக்கு எடையே இல்லை. ஊசி இறங்கியதும் வீறிட்டு அழுதது, அவளுடைய மார்பில் முகத்தைப் புதைத்தது. குழாயில் ரத்தம் ஏறியது. மற்ற எந்த ரத்தத்தையும் போலச் சிவப்பாகத்தான் இருந்தது. நாளை யாரோ ஒருத்தி எங்கோ குனிந்து அதை நூறு வரை எண்ணுவாள்.

நர்ஸ் போனாள். அக்கா அறை வாசலில் நின்றிருந்தாள், உள்ளேயும் இல்லாமல் வெளியேயும் இல்லாமல். கைகளிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. வேறு யாரும் இல்லை. இதைவிட நல்ல நேரம் கிடைக்காது.

"அக்கா" என்றாள் நூறக்கா.

இருபத்திரண்டு வருடத்தில் அவளை அப்படிக் கூப்பிடுவது இரண்டாவது தடவை. இரண்டும் இன்றைக்குத்தான்.

"என்ன?"

குழந்தை விசும்பிக்கொண்டிருந்தது. நூறக்கா வாயைத் திறந்தாள்.

"முழங்கைல சோப்பு இருக்கு பாரு."

அக்கா குனிந்து பார்த்தாள். "ஆமா" என்று சொல்லிவிட்டு மறுபடி தொட்டிக்குப் போனாள். குழாய் திறக்கிற சத்தம் கேட்டது.

பொடியன் செத்தது உன் கையால் இல்லை அக்கா, நான் சொன்னது பொய். கொடுக்க வேண்டியது அவ்வளவுதான். அதை அவள் அக்காவுக்கு இன்னும் கொடுக்கவில்லை.